வராதவர்களின் அறை

ரெஜிஸ்டரில் என் பெயருக்கு நேராகப் பென்சிலில் இரண்டே சொற்கள் இருந்தன: 'நோ ஷோ'. வரவேற்பு மேசையில் இருந்த பையன் அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். அவன் முகத்தில் எரிச்சல் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டான். "உங்களுக்கு செப்டம்பர் பத்தாம் தேதி ரூம் போட்டிருந்தது சார். ராத்திரி வரைக்கும் பார்த்தோம்."

அன்று அக்டோபர் 9, 2024. துர்கா பூஜையின் சஷ்டி. கல்கத்தாவில் பாதிப் பேர் பூஜை விடுமுறைக்கு திகா, பூரி, டார்ஜிலிங் என்று கிளம்பியிருந்த நேரம். பூரியில் ஒரு கட்டில்கூடக் கிடைக்காது. எனக்குப் பின்னால் சோபாவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வயது எழுபத்தெட்டு. ராத்திரி முழுக்க ரயிலில் வந்ததில் முழங்கால் வீங்கியிருந்தது. மடியில் மஞ்சள் பை.

நடந்தது இதுதான். நான் 09/10 என்று எண்ணால் அடித்தேன். அந்தத் தளம் மாதத்தை முதலில் படிக்கிற தளம். ஒன்பதாம் தேதி, பத்தாம் மாதம் என்று நான் நினைத்ததை, ஒன்பதாம் மாதம், பத்தாம் தேதி என்று அது எடுத்துக்கொண்டது. வந்த ரசீதிலும் அதே 09/10. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் சரியாகத்தான் தெரிந்தது. ரயில் டிக்கெட் சரியாக இருந்தது. அறை மட்டும் எங்களுக்கு ஒரு மாதம் முன்னதாகப் போய்விட்டது.

பணம் போனதை நான் பெரிதாக எண்ணவில்லை. அந்தப் பென்சில் எழுத்துதான் விடமாட்டேன் என்கிறது. செப்டம்பர் பத்தாம் தேதி நான் கல்கத்தாவில், கார்டன் ரீச் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுவிட்டு, எப்போதும்போலப் பத்தரை மணிக்குப் படுத்திருப்பேன். அதே நேரம், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் அறையில் எங்களுக்காக விரிப்பு மாற்றி, தலையணை உறை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். விளக்கைக்கூடப் போட்டு வைத்திருக்கலாம். எத்தனை மணிக்கு அவர்கள் நம்பிக்கையை விட்டார்கள்? யார் அந்தப் பென்சிலை எடுத்தது? ஜன்னலுக்கு வெளியே அம்மா பார்க்க ஆசைப்பட்ட கடல் இரவெல்லாம் இரைந்திருக்கும். கேட்க ஆளில்லை.

பகல் முழுதும் பூரி ஸ்டேஷனில் வெயிட்டிங் ரூமில் இருந்தோம். கடற்கரைக்குப் போய் வரலாம் என்றதற்கு, கால் கிடக்கிற கிடப்பில் மணலில் இறங்க முடியாது என்றாள். ராத்திரி பஸ். பத்தாம் தேதி காலை வீடு. தெருமுனைப் பந்தலில் சப்தமிக்கு டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மஞ்சள் பையை ஆணியில் மாட்டினாள். அவிழ்க்கவில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு ஜேட்டு (வங்காளத்தில் பெரியப்பா) கூப்பிட்டார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு அப்பா மாதிரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் "போஷோ" என்று நாற்காலியைக் காட்டினார். அலமாரியிலிருந்து அம்ருத் சிங்கிள் மால்ட் பாட்டிலை எடுத்தார். மகள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்ததாம். இரண்டு விரற்கடை ஊற்றி, கரண்டியால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டார். "அவசரப்படாதே. முதலில் மோந்து பார்."

மோந்தேன். நாற்பது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, வெள்ளை வேட்டித் துணியில் கட்டி, சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். இரண்டாம் நாள் துணி லேசாகச் சுடும். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறது என்று கையில் தெரியும். மூன்றாம் நாள் துணியின் இழைகளுக்கு நடுவே வெள்ளை முளைகள் மீசை மாதிரி எட்டிப் பார்க்கும். மொட்டை மாடியில் உலர்த்தி, வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, திருகையில் அரைப்பாள். கல்கத்தாவில் அன்று கேழ்வரகு சுலபத்தில் கிடைக்காது. வருஷம் ஒருமுறை அப்பாவின் பாஸில் மெட்ராஸ் மெயில் ஏறி ஊருக்குப் போய்த் திரும்பும்போது மூட்டையாக வரும். காய்ச்சல் வந்தால், பரீட்சையில் மார்க் குறைந்தால், அப்பாவிடம் அடி வாங்கினால், அந்தக் கஞ்சிதான். "குடிடா, சரியாப் போயிடும்." சரியாகத்தான் போனது.

பார்லிக்கும் அதே கதைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஊறவைத்து முளைவிடச் செய்தால், தானியம் தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்துச் சூடு காட்டி முளையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் மால்ட். சிங்கிள் மால்ட் என்றால், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் வடித்தது. நம் ஊரில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பல, கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வந்த சாராயத்தோடு கலந்தவை. இது அந்த வகை இல்லை. அம்ருத் மால்ட்டை 2004இல் முதலில் கிளாஸ்கோவில்தான் விற்பனைக்கு வைத்தார்கள். விஸ்கியின் தாய்வீட்டில்.

ஜேட்டு இன்னொன்றும் சொன்னார். மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடக்கும்போது விஸ்கி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு போகும். பெங்களூர் வெயிலில் பத்துப் பங்குக்கு மேல். "காத்திருந்தால் குறையத்தான் செய்யும், மிஞ்சுவதுதான் ருசி" என்றார். இரண்டாம் மிடறில் என் நெஞ்சு லேசாகிவிட்டது. பூரி, ரெஜிஸ்டர், பஸ் எல்லாம் ஒரு கதையாகிவிட்டன. நானே கை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். உள்ளறையில் அம்மா விளக்கைப் போடாமல் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மூச்சு வாசனை அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பா மதுவைத் தொட்டதில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்றாள்.

தவறு என்னுடையது. வலி அவளுடையது. ஆறுதல் மட்டும் எனக்கு அத்தனை சீக்கிரம் எப்படிக் கிடைத்தது?

இதை நினைக்கும்போதெல்லாம், எங்கள் பகுதியில் வாழ்ந்து செத்த ஒரு ராஜா நினைவுக்கு வருகிறார். அவத் நவாப் வாஜித் அலி ஷா. 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அவர் நாட்டைப் பிடுங்கிக்கொண்டான். லண்டனுக்குப் போய் விக்டோரியா ராணியிடம் முறையிடுவது என்று லக்னோவிலிருந்து கல்கத்தா வந்தார். இங்கே உடம்புக்கு முடியாமல் போயிற்று. கப்பல் ஏறவில்லை. அவருக்குப் பதிலாக ஏறியவள் அவருடைய அம்மா. தம்பியும் மகனும் கூடப் போனார்கள். அந்த முறையீட்டால் ஒன்றும் நடக்கவில்லை. 1858 ஜனவரியில், திரும்பும் வழியில், அந்தத் தாய் பாரிஸில் இறந்தாள். அங்கேயே பெர் லாஷேஸ் கல்லறையில் புதைத்தார்கள். அவள் மகனான நவாப் அப்போது இங்கே, வில்லியம் கோட்டையில் காவலில் இருந்தார்.

வெளியே வந்தபிறகு அவர் எங்கள் பகுதியில், மெட்டியாபுருஜில், ஒரு சின்ன லக்னோவையே கட்டினார். இமாம்பாரா, தோட்டங்கள், மிருகக்காட்சிசாலை, பாட்டு, நடனம், பட்டம். மாதம் ஒரு லட்சம் பென்ஷன். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அப்படியே கழிந்து, 1887இல் இறந்தார். அவர் முதலில் தங்கியதாகச் சொல்லப்படும் ஆற்றங்கரை பங்களா இன்று தென்கிழக்கு ரயில்வேயிடம் இருக்கிறது. அப்பா வேலை பார்த்த அலுவலகத்துக்குப் பக்கம்தான். சின்ன வயதில் அதன் வேலியோரம் பட்டம் விட்டிருக்கிறேன்.

அந்தத் தோட்டமும் பாட்டும் அவருக்கு எதுவாக இருந்தன? துக்கத்தைத் தாங்கும் வழியா, தனக்காகக் கப்பல் ஏறியவளை மறக்கும் வழியா? வாசித்தவரையில் எனக்குப் பிடிபடவில்லை. சில நாள் அவர்மேல் கோபம் வருகிறது. சில நாள், வேறென்ன செய்வார் பாவம் என்று தோன்றுகிறது. சிப்தைனாபாத் இமாம்பாராவில் அவர் சமாதிக்கு முன்னால் போன மாதம் கொஞ்ச நேரம் நின்றேன். தனியாக ஒரு மனிதன், எங்கோ தூரத்தில் அவனைப் பெற்றவள்.

ஆறுதலே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஜேட்டு அன்று ஊற்றியது அன்பு. அதை ஏற்காமல் இருந்திருந்தால் அம்மாவின் முழங்கால் வலி ஒரு பிடி குறைந்திருக்காது. ஆனால் ஆறுதல் ஒருவனைத் தனியாக அழைத்துப் போய்விடுகிறது என்பதும் உண்மை. கேழ்வரகுக் கஞ்சி அப்படிச் செய்ததில்லை. அதைக் காய்ச்சியவள் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளர் காலியாகும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்டத்தில் உள்ள வித்தியாசமா இது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதில் உள்ளதா? எந்தப் பதிலும் என் மனசில் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

பூரியிலிருந்து திரும்பிய நான்காம் நாள் கேழ்வரகு வாங்கிவந்து நானே ஊறவைத்தேன். துணியில் கட்டும்போது அம்மா எட்டிப் பார்த்து, "இத்தனை இறுக்கிக் கட்டினா எப்படிடா மூச்சு விடும்?" என்று முடிச்சை அவிழ்த்துக் கட்டினாள். மஞ்சள் பை அப்போதும் ஆணியில் அப்படியேதான் இருந்தது.

ஒரு வேண்டுகோள். எங்கேயாவது தேதி போட நேர்ந்தால், மாதத்தை எண்ணால் போடாதீர்கள், எழுத்தால் எழுதுங்கள். பணம் கட்டியபிறகு தங்குமிடத்துக்கு ஒரு போன் போட்டு, தேதியை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பூரிக்கு, என் மனைவிக்கும் சேர்த்து, மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். "நீயும் அவளும் போயிட்டு வாங்க" என்கிறாள் அம்மா. வருவாளா என்று தெரியாது. அறைக்கு மூன்று பேர் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.