இல்லாத அரசர்களின் வாழ்க்கை வரலாறு

கற்பனை உலகம் ஒன்றுக்கு அரசர்களை வகுத்து, அவர்கள் பிறந்த ஆண்டையும் மாண்ட விதத்தையும் எழுதுபவர் உயிர்களின் விதியை எழுதுகிறார். படைப்பு கடவுளுக்கே உரியது என்று நம்பும் ஒருவருக்கு அந்த உரிமை உண்டா? ஜே. ஆர். ஆர். டோல்கீனால் (1892–1973) இக்கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. அவர் பற்றுறுதி மிக்க கத்தோலிக்கர். மத்திய பூமி என்னும் உலகுக்குப் பல்லாயிரம் ஆண்டு வரலாற்றை எழுதியவர்.

1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி உரையாற்றியபோது, இத்தகைய படைப்பைத் துணைப்படைப்பு என்றார். மனிதன் படைத்தவரின் சாயலில் உருவானவன், அதனால் அவனும் படைக்கிறான் என்பது அவர் வாதம். 1977இல் வெளியான ‘சில்மரில்லியன்’ இதையே கதையாகச் சொல்கிறது. ஆவுலே என்னும் தேவன் பொறுமையிழந்து குள்ளர்களைத் தானே செய்துவிடுகிறான். முழுமுதற்கடவுள் இலூவதார் கண்டித்ததும், அழுதபடி அவர்களை அழிக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். குள்ளர்கள் அஞ்சி ஒடுங்குகிறார்கள். அவர்களுக்கு இலூவதார் அதற்குள் தனி உயிர் தந்துவிட்டார். செய்தவன் தன் செய்பொருளைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த பிறகே அது ஏற்கப்படுகிறது. டோல்கீனின் இறையியல் இவ்வளவு தெளிவாக வெளிப்படும் இடம் வேறில்லை.

அவர் எழுதிய அரச வரலாறுகளின் அடிநாதம் மரணம். அவ்வுலகில் மரணம் மனிதருக்கு இலூவதார் தந்த கொடை. மனிதர் வாழ்ந்த நூமெனோர் தீவின் முதல் அரசன் எல்ரோஸ், மனிதருக்குரிய முடிவைத் தானே தேர்ந்து, 500 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தான். பின்வந்த அதனமீர்தான் உயிரைத் தானாக ஒப்படைக்க முதன்முதலில் மறுத்த அரசன். அறிவு மங்கிய முதுமையில் சாவு அவனை வலிந்து கொண்டுபோனது. கடைசி அரசன் பரஸோன் சாவாமையைப் பறிக்கப் படையெடுத்தான். அதன் விளைவாகத் தீவே கடலில் மூழ்கியது. எல்ரோஸின் வழியில் வந்த அரகார்ன் 210 வயதில் உயிரைத் தானே விட்டான். இந்த ஆண்டுக் கணக்குகளை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கொடையை ஒருவன் எப்படி ஏற்றான் என்பதற்கு அவையே சான்று.

1954இல், எல்ஃபுகள் என்னும் சாவில்லா இனத்தார் மறுபிறவி எடுப்பதாக எழுதியது எல்லை மீறல் இல்லையா என்று ஒரு கத்தோலிக்க வாசகர் கேட்டார். கடவுள் இதுவரை பயன்படுத்திய வழிகளுக்குள் மட்டும் துணைப்படைப்பாளி அடங்க வேண்டியதில்லை என்று டோல்கீன் நீண்ட பதிலை வரைந்தார், ஆனால் அனுப்பவில்லை.

தீமையின் படையாக வரும் ஓர்க்குகளின் விஷயத்தில் அந்த வாதம் போதவில்லை. தீமையால் உயிரைப் படைக்க முடியாது, கெடுக்க மட்டுமே முடியும் என்பது அவர் கொள்கை. அப்படியானால் ஓர்க்குகள் யாரிடமிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு மீட்பு உண்டா? அஸோக் என்னும் ஓர்க்குத் தலைவனுக்கு போல்க் என்ற மகன் இருந்தான் என்ற அளவுக்குத்தான் அவர்களின் வரலாறு தெரிகிறது. பெயரும் வம்சமும் உள்ளவர்களைக் கொல்லத் தக்க கூட்டமாக மட்டும் காட்டுவது, உயிரைக் கொடையாகக் கருதும் படைப்பில் பெருங்குறை. டோல்கீனும் இதை உணர்ந்திருந்தார். முதுமையில் அவர்களின் தோற்றத்துக்கு வெவ்வேறு விளக்கங்களை எழுதிப் பார்த்தார், எதையும் முடிவாக்கவில்லை.