பந்தய விகிதமும் மனச்சான்றும்

“அறியாமல் வைத்தால் அது சூது, கணக்கறிந்து வைத்தால் அது திறமை.” இவ்வாறு வாதிடும் இளைஞர்கள் இன்று நம் பங்குகளில் பெருகி வருகின்றனர். ஐ.பி.எல். கிரிக்கெட் நடைபெறும் வாரங்களில் சேலத்து வெள்ளிப் பட்டறையிலும், நாமக்கல் லாரிப் பட்டறையிலும், கல்லூரி விடுதிகளிலும் இவ்வாதத்தைக் கேட்கலாம். ஆடுகளத்தின் தன்மையையும், இரவுப் பனியின் விளைவையும், பந்துவீச்சாளரின் பழைய ஆட்டங்களையும் ஆராய்ந்து, பந்தய விகிதத்தையும் புரிந்துகொண்டு பணம் வைக்கும் ஒருவன் எவ்வாறு சூதாடி ஆவான் என்று அவர்கள் வினவுகின்றனர். “அது பாவம்” என்று மட்டும் கூறி வாயடைத்துவிடுவது இவ்வினாவுக்கு விடையாகாது. காரணம் கேட்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். ஆகவே அவர்கள் புரிந்துகொண்டதாகக் கூறும் அந்த எண்ணையே முதலில் எடுத்து நோக்குவோம்.

எண் சொல்வது என்ன?

“ஒன்றுக்கு மூன்று” என்பது பந்தயக்காரர் மொழி. நூறு ரூபாய் வைத்து வென்றால், வைத்த நூறு திரும்புவதோடு முந்நூறும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பொருள். நான்கு முறை வைத்து ஒரு முறை வென்றால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆகவே அவ்விகிதத்தின் உட்பொருள், வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதே. உண்மையான வாய்ப்பு ஐந்தில் ஒன்றாக இருக்குமாயின், ஐந்து பந்தயத்தில் நான்கு நூறுகளை இழந்து முந்நூறு பெறுகிறோம். நூறு ரூபாய் போய்விடுகிறது. இந்த இடைவெளியில்தான் பந்தயம் நடத்துபவரின் பிழைப்பு இருக்கிறது.

இன்னும் எளிய எடுத்துக்காட்டு ஒன்று. சமவலிமை கொண்ட இரு அணிகள் மோதுகின்றன. எந்த அணியின் மீது நூறு வைத்தாலும், வென்றால் தொண்ணூறு தருவதாகப் பந்தயம் நடத்துபவர் கூறுகிறார். ஒருவர் இப்பக்கம் நூறும், மற்றவர் அப்பக்கம் நூறும் வைக்கின்றனர். ஆட்டம் முடிந்ததும் வென்றவர் தம் நூறோடு தொண்ணூறு பெற்றுச் செல்கிறார்; தோற்றவர் வெறுங்கையோடு செல்கிறார். எஞ்சிய பத்து ரூபாய், எந்த அணி வெல்லும் என்ற கவலையே இல்லாதவரின் பைக்குச் செல்கிறது. நூறு வைத்துத் தொண்ணூறு பெறும் இவ்வாட்டத்தில் நட்டப்படாமல் இருப்பதற்கே நூற்றில் ஏறத்தாழ 53 முறை வெல்ல வேண்டும். இரு பக்கங்களின் வாய்ப்புகளையும் விகிதப்படி கூட்டினால் நூறு வருவதில்லை. நூற்றைந்துக்குச் சற்று மேலே வருகிறது. அந்த ஐந்துதான் விகிதத்துக்குள் மறைந்திருக்கும் கட்டணம்.

ஆகவே பந்தய விகிதம் வருவது கூறும் சொல்லன்று. அது ஒரு விலை. கடைக்காரர் தம் பொருளுக்கு இலாபம் வைத்து விலை குறிப்பது போலவே அதுவும் குறிக்கப்படுகிறது. ஓர் அணியின் மீது பணம் குவிந்தால் அதற்குரிய விகிதம் குறைகிறது. அவ்வணி திடீரென்று வலிமை பெற்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. பணம் வைத்தவர்கள் மிகுந்துவிட்டார்கள் என்பதே பொருள்.

பிறர் பணத்தின் நிழல்

இவ்வுண்மையைக் குதிரைப் பந்தயத்தின் ‘டோட்’ முறை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அம்முறையில் எல்லாப் பணமும் ஒரே தொகுதியாகச் சேர்க்கப்படுகிறது. வரியும் கழிவும் போக எஞ்சியது வென்றவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் வைக்கின்றனர் எனக் கொள்வோம், மொத்தம் பத்தாயிரம். அதில் இரண்டாயிரம் கழிக்கப்படுகிறது. எண்பது பேர் நம்பிய குதிரையே வென்றால், எட்டாயிரத்தை எண்பது பேர் பங்கிட வேண்டும். சரியாகக் கணித்தும் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது அவரவர் வைத்த நூறே! மற்ற இருபது பேர் நம்பிய குதிரை வென்றாலோ, ஆளுக்கு நானூறு கிடைக்கிறது. அந்நானூறு விண்ணிலிருந்து பொழிந்ததன்று. தோற்ற எண்பது பேரின் பைகளிலிருந்து வந்தது.

கடல் கடந்த நாடுகளிலும் நிலை இதுவே. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடப்படும் ரக்பி லீக் ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டும்போது, வலுவான அணிக்குப் பன்னிரண்டு, பதினான்கு என்று புள்ளிச் சுமை ஏற்றி, அதைக் கழித்த பின்னரே வெற்றியைக் கணக்கிடும் வழக்கம் உண்டு. அதனால் இரு பக்கமும் சமமாகத் தோன்றும். ஆனால் விலைக்குள் இருக்கும் கட்டணம் மட்டும் அப்படியே நிற்கும். அந்த ஆட்டம் பிறந்த கதையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஆட வந்ததால் ஒரு நாள் கூலியை இழந்த சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் அதற்கு ஈடு பெறவேண்டும் என்ற வாதத்தில், 1895-ஆம் ஆண்டு வட இங்கிலாந்துச் சங்கங்கள் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்தன. உழைப்பாளியின் கூலியைக் காக்கப் பிறந்த ஆட்டமே, இன்று உழைப்பாளியின் கூலி கரையும் களமாகவும் ஆகியிருக்கிறது.

திறமை என்னும் கேடயம்

“இது திறமைதானே” என்னும் வாதம் நம் மாநிலத்தில் நீதிமன்றங்கள்வரை சென்ற வாதமாகும். 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் சார்பில் தொடரப்பட்ட வழக்கில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறிய சென்னை உயர் நீதிமன்றம், அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ, திறமையாயினும் தற்செயலாயினும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

சட்டத்தின் பயணம் இவ்வாறு இருக்க, அறநெறியின் வினா சற்று வேறானது. திறமை இருக்கிறதா என்பதோடு அது நிற்பதில்லை. யாருடைய திறமை, யாருக்கு எதிராக என்றும் அது கேட்கிறது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்திய அணிக்காகப் பந்துவீசிய நடராஜனின் யார்க்கர் திறமையே. ஆண்டுக்கணக்கான வியர்வை அதன் விலை. அவர் வீசும் பந்தின் மீது பணம் வைப்பவருக்கு அத்திறமையில் பங்கில்லை. பந்தயம் வைப்பவரின் திறமை வேறு வகையானது. மற்றவர் அறியாததை அறிந்து, அவர் அறியாமையிலிருந்து பணம் எடுக்கும் திறமை அது. விகிதத்தை நன்கு புரிந்தவர் வெல்ல வேண்டுமாயின், அதைப் புரியாதவர் பலர் தோற்றாக வேண்டும்.

இத்திறமை முற்றும்போது என்ன நேரிடும் என்பதையும் கண்டோம். அணி நிர்வாகத்தோடு தொடர்புடையவர்களே பந்தயத்தில் ஈடுபட்டதால், 2015 ஜூலையில் சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் ஆகிய இரு அணிகளும் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைக்கப்பட்டன. உள்ளிருப்பவர் அறிந்ததை வெளியிலிருப்பவர் ஒருநாளும் அறிய முடியாது.

திருச்சபையின் அளவுகோல்

தற்செயலைச் சார்ந்த ஒவ்வோர் ஆட்டத்தையும் திருச்சபை பாவம் என்று கூறுவதில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் சீட்டுக் குலுக்கியதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. சிலுவையடியில் படைவீரர்கள் ஆண்டவரின் உடையின் மீது சீட்டுப் போட்டதையும் நற்செய்தி கூறுகிறது. சீட்டு ஒன்றே, அதை எடுத்த உள்ளங்களுக்கிடையே எத்துணைத் தொலைவு!

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413-ஆம் எண்ணில் இதைப் பற்றிப் பேசுகிறது. பந்தயம் தன்னளவில் நீதிக்கு முரணானதன்று. ஆயினும் ஒருவர் தம் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதை இழக்கச் செய்யும்போது அது அறநெறிக்கு ஒவ்வாததாகிறது. அதன் மீது கொள்ளும் வேட்கை மனிதரை அடிமையாக்கக்கூடும் என்பது அதன் கருத்து. அறநெறி இறையியலார் மரபாக நான்கு நிபந்தனைகள் கூறுவர். வைக்கும் பணம் தன்னுடையதாக இருக்க வேண்டும், சம்மதம் முழு விடுதலையோடு தரப்பட வேண்டும், இரு பக்கத்தாருக்கும் நியாயமான சமநிலை வேண்டும், ஏமாற்று இருத்தலாகாது.

இந்நான்கையும் கைப்பேசிப் பந்தயத்தோடு ஒப்பிடுவோம். தண்டல்காரரிடம் வாங்கிய கடனும், தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்த சீட்டுப் பணமும் தன்னுடையதாகுமா? இழந்ததை மீட்க வேண்டும் என்னும் வெறியில் நள்ளிரவில் மீண்டும் வைப்பது முழு விடுதலையோடு தரும் சம்மதமாகுமா? நூற்றைந்துக்கு மேல் கூடும் கணக்கில் சமநிலை எங்கே? கட்டணத்தை மறைத்துப் பரிசை மட்டும் பறைசாற்றுவது வாய்மையாகுமா?

தூய தோமா அக்குவினா இன்னும் ஆழமாகச் சென்றார். தருமத்தைப் பற்றி எழுதுமிடத்தில், சூதில் வென்ற பணத்தைப் பிறருக்கு ஈயலாமா என்னும் வினாவை அவர் எடுத்துக்கொள்கிறார். தம் உடைமையைக் கையளிக்க உரிமையற்றவரிடமிருந்து வென்றதையும், வஞ்சகத்தால் வென்றதையும், பொருளாசையால் பிறரை ஆட்டத்துக்கு இழுத்து வென்றதையும் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் முடிவு. இழந்தவரைப் பற்றி மட்டுமே நாம் இரங்குகிறோம். அவரோ வென்றவரின் கையை விரித்துப் பார்க்கச் சொல்கிறார். நம் வள்ளுவரும் சூதினைக் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரத்தில் வைத்தார். அதற்கடுத்து வருவது மருந்து.

உழவும் சூதுதானே?

இங்கு ஒரு மறுப்பு எழும். “மரவள்ளி நட்டவன் விலையை அறிந்தா நட்டான்? கோழிப்பண்ணை வைத்தவன் நாளை முட்டை விலை என்னவாகும் என்று அறிவானா? ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராமல் போவதில்லையா? வாழ்க்கையே பந்தயம்தானே?” நம் சமவெளி மக்களின் வாயில் இது வெறும் வாதமன்று, பட்டறிவு.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. மரவள்ளி விளைந்தால் உழவருக்கும் சேகோ ஆலைத் தொழிலாளிக்கும் உணவு கிடைக்கிறது. போரில் தண்ணீர் வந்தால் அடுத்த தோட்டத்துக்காரரும் மகிழ்கிறார். ஒருவர் பெறுவதற்கு இன்னொருவர் இழந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் அங்கில்லை. பந்தயத்திலோ எதுவும் விளைவதில்லை. இருக்கும் பணம் கைமாறுகிறது, கைமாறும்போது சற்றுக் குறைகிறது.

1654-ஆம் ஆண்டு, பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட மடல்களிலிருந்தே வாய்ப்புக் கணிதம் வளர்ந்தது. அக்கணிதத்தின் துணைகொண்டே இன்று நாமக்கல் லாரிகளுக்குக் காப்பீடு கணக்கிடப்படுகிறது. அங்கும் நிறுவனத்துக்கு இலாபம் உண்டு. ஆனால் ஆயிரம் பேர் சிறிது சிறிதாகக் கொடுத்து, விபத்தில் சிக்கிய ஒருவரின் சுமையைத் தாங்குகின்றனர். ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்குமாறு கலாத்தியருக்கு எழுதினார் தூய பவுல். அதே கணக்கு பந்தயத்தில் ஒருவரின் சுமையை இன்னொருவரின் தோளில் ஏற்றுகிறது.

நம் இல்லங்களும் ஆலயங்களும்

1968-இல் தமிழக அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியபோது, “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்ற முழக்கம் எழுந்தது. எத்தனை இலட்சத்தில் ஒன்று விழும் என்பதை அம்முழக்கம் கூறவில்லை. கூலிக்காரரின் வீட்டை அது எவ்வாறு வறுமையாக்கியது என்பதைக் கண்ட பின்னரே, 2003-ஆம் ஆண்டு பரிசுச்சீட்டு விற்பனை தமிழகத்தில் தடை செய்யப்பட்டது.

நம் ஆலயத் திருவிழாக்களின் குலுக்கல் சீட்டையும் இவ்வளவுகோலுக்கு விலக்காக்க வேண்டாம். பத்து ரூபாய்ச் சீட்டு பள்ளிக் கட்டடத்துக்குச் செல்கிறது என்று அறிந்தே மக்கள் வாங்குகின்றனர், அதில் குற்றமில்லை. ஆயினும் எத்தனை சீட்டு அச்சிட்டோம், எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பலிபீடத்தருகே நின்று அறிவிக்கும் துணிவு நமக்கு வேண்டும். பரிசின் பளபளப்பைக் காட்டி ஏழையின் ஆசையைத் தூண்டுவதற்குத் திருவிழா ஏற்ற இடமன்று.

பெற்றோர் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் முன் அவர்களோடு அமர்ந்து, தாளும் பேனாவும் எடுத்து, மேலே கண்ட இருநூறு ரூபாய்க் கணக்கைப் போட்டுக் காட்டலாம். பத்து ரூபாய் எங்கே போயிற்று என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். அதன்பின் இன்னொரு வினாவைக் கேட்கலாம்: “தம்பி, உனக்கு வந்த தொண்ணூறு யார் வீட்டிலிருந்து வந்தது?” முதல் வினாவுக்குக் கணிதம் விடை சொல்லும். இரண்டாவது வினாவுக்கு மனச்சான்றுதான் விடை சொல்ல வேண்டும்.

கடனில் சிக்கியவர்களை ஒதுக்காமல் இருப்பதும் நம் கடமை. வெட்கத்தால் வாய் திறவாதவர் மீண்டும் ஒரு பந்தயத்தில்தான் மீட்பைத் தேடுவார். வீட்டாரும் பங்குமக்களும் அவரோடு அமர்ந்து கடனைக் கணக்கிட்டு, சிறுகச் சிறுக அடைக்க வழி காட்டினால், அவருடைய சுமை பகிரப்பட்ட சுமையாகும். விகிதத்தைப் புரிந்துகொள்வது நன்று. அது இறுதியில் நம்மை நம் பிறரிடம் கொண்டு சேர்க்குமாயின் இன்னும் நன்று.