கண்ணாடி ரம்பம்

கருவிக்கு அழகு வேண்டுமா? தச்சனின் உளிக்கும் உழவனின் ஏருக்கும் உழைப்பே அழகு என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் மாட்டின் கொம்புக்கு வண்ணம் தீட்டியவர்களும், கழுத்தில் மணி கட்டியவர்களும் நம் உழவர்கள்தாமே! வண்ணம் தீட்டியதால் மாடு கூடுதலாக ஒரு சாலும் உழுவதில்லை. பயனுக்கென்று அமைந்த ஒன்றின்மேல் பயன்தராத அழகைச் சேர்ப்பது மனித இயல்பா, அன்றி வீண்பகட்டா?

இக்கேள்வியை அண்மையில் என்முன் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சேமித்து வைத்த 80,000 ரூபாயில், விளையாட்டுகளுக்கென்றே ஒரு கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கித் தம் கையாலேயே பூட்டப்போவதாகச் சொல்லி, ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்தார். முதற்பக்கத்தில் பட்டியல் இல்லை. வண்ணப் பென்சிலால் தீட்டிய படம் ஒன்று இருந்தது. வெள்ளைக் கேபினெட்; முன்புறமும் பக்கவாட்டிலும் கண்ணாடி; உள்ளே ஆறு காற்றாடிகள்; அனைத்தும் ஒரே நீல ஒளியில்.

"இந்த வெளிச்சத்தால் விளையாட்டு வேகமாக ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடாது, சாமி."

"பிறகு எதற்கு இந்த வீண்செலவு?"

"திருவிழாச் சப்பரம் வண்ண விளக்கு இல்லாவிட்டாலும் நகரும்தானே, சாமி?"

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவரைப் பேசவிட்டுக் கேட்டேன்.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவையே இவ்விளக்குகள். ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டவும் குறைக்கவும் இயலும் என்பதால், ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணங்கள் கிடைக்கின்றன. இவற்றுள் நீல ஒளியே மிகவும் கடினமாகக் கைவந்தது. பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஒளியைத்தான் இந்த இளைஞர் தம் மேசைக்கு அழைக்கிறார்.

அழைப்பதும் எளிதன்று. 12 வோல்ட்டில் இயங்கும் விளக்குச் சரம் முழுவதும் ஒரே நிறமாகத்தான் எரியும். 5 வோல்ட் வகையில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி நிறம் தரலாம். ஒன்றை மற்றொன்றின் இணைப்பில் மாற்றிச் செருகினால் விளக்குகள் கருகிவிடக்கூடும். ஒரு நிறுவனத்தின் நீலம் மற்றொன்றின் நீலத்தோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே மதர்போர்டு, ரேம், காற்றாடி என ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேர்ந்திருந்தார். கோடிக்கும் மேற்பட்ட வண்ணங்கள் கைக்கெட்டும்போது, இரண்டே போதும் என்று நிறுத்திக்கொள்வதற்கு ஒரு தன்னடக்கம் வேண்டும். அதை வீண்பகட்டு என்று நான் சொன்னது அவசரத் தீர்ப்பு. மேலும், இந்த ஒளியை இரவில் தம் அறையில் தனியே அமர்ந்து காணப்போகிறவர் அவர் ஒருவரே. ஊரார் காண நாம் கட்டும் பந்தல்களைவிட அதில் பகட்டு குறைவுதான்.

பட்டியலை மேலிருந்து படித்து வந்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன். 'எஸ்.எம்.பி.எஸ்.' என்றிருந்தது. கணினியின் எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் பெட்டி அது. அதற்கு நேராக 5,000 என்று எழுதி, அடித்து, 3,000 என்று மாற்றி, அதையும் அடித்து 1,500 என்று எழுதியிருந்தார். காற்றாடிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஆறாகியிருந்தது.

"இதை ஏன் குறைத்தீர்கள், தம்பி?"

"அது வெளியே தெரியாதே, சாமி."

தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது தன்னோடு சேர்த்து மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் குறைத்திருக்கிறார். ஏனெனில் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது.

குருமடத்தில் படித்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. அழகுக்கு முழுமை, பொருத்தம், ஒளி என மூன்று இலக்கணங்களைக் கூறியவர் 13-ஆம் நூற்றாண்டின் புனித தோமா அக்குவினாஸ். இரும்பைவிடக் கண்ணாடி அழகியது என்றாலும், தொழில் அறிந்தவன் ரம்பத்தைக் கண்ணாடியால் செய்யமாட்டான் என்பதும் அவர் கருத்தே. அறுக்க வேண்டிய பொருளில் அந்த அழகே அறுப்பதற்குத் தடையாகிவிடும். இந்த இளைஞர் மூன்றாவதாகிய ஒளியை முதலில் வைத்து, முதலாவதாகிய முழுமையைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டார்.

கண்ணாடி ரம்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தாமே வேறொன்றைக் காட்டினார். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து சில நூறு வாட் வெப்பத்தை வெளிவிடுபவை. முன்புறத்தைக் கண்ணாடியால் அடைத்தால் குளிர்காற்று உள்ளே வர வழி குறுகும். வெப்பம் மிகுந்தால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "முன்பக்கத்துக்கு வலை போதும், சாமி. பக்கக் கண்ணாடி மட்டும் இருக்கட்டும்; காற்று அந்த வழியாக வருவதில்லை" என்றார். அது சரியான வாதம். கண்ணாடியில் குற்றமில்லை, அது நிற்கும் இடத்தில்தான் குற்றம்.

எனவே, அழகு வேண்டுமா என்பதன்று நாம் கேட்கவேண்டிய கேள்வி. இந்த அழகுக்காக எந்த வரியை அடித்தோம் என்பதே கேள்வி. அடிபட்டது நம் இன்னொரு ஆடம்பரமாயின், அது நம் விருப்பம். அடிபட்டது கண்ணுக்குத் தெரியாமல் அனைத்தையும் தாங்கும் ஒன்றாயின், வெளியே ஒளிர்வது எவ்வளவு இனிதாயினும் அது பொய்யே. வீடு கட்டுவோர்க்கும் திருமணம் நடத்துவோர்க்கும் இது பொருந்தும்.

இளைஞர் மூன்று காற்றாடிகளை அடித்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.-க்கு நேராக மீண்டும் 5,000 என்று எழுதிக்கொண்டு சென்றார். நீல நிறத்தை மாற்றவில்லை; மாற்றச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

அவர் சென்றபின் எங்கள் திருவிழாக் கணக்கேட்டை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு சப்பர விளக்குகளுக்கான தொகை அதற்கு முந்தைய ஆண்டைப்போல் இருமடங்காக இருந்தது. மறைக்கல்வி அறையின் பழைய மின்கம்பிகளை மாற்ற ஒதுக்கிய தொகை அடிக்கப்பட்டு, 'அடுத்த ஆண்டு' என்று எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து என்னுடையது.