இல்லாத லென்ஸின் தூசி

கவிதை எழுதும் நண்பர் ஒருவர், என் மேஜை மேல் கிடந்த புகைப்படக்கலைப் புத்தகங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “கம்ப்யூட்டரில் படம் பண்ணுகிறவனுக்கு அபர்ச்சர் எதற்கு? அங்கேதான் லென்ஸே கிடையாதே.”

கேள்வி நியாயமானது. ஓராண்டுக்கு முன் நானும் இதையே கேட்டிருப்பேன். பாங்க் வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் சில நிமிஷப் படங்கள் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். (பெயரைக் கேட்டு மிக்ஸி என்று நினைத்தாள் என் மனைவி.) அதற்குள் ‘காமிரா’ என்று ஒன்று இருக்கிறது. உண்மையில் அது ஒரு புள்ளி, அந்தப் புள்ளி நோக்கும் ஒரு திசை, எவ்வளவு அகலம் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு கோணம். அவ்வளவுதான். கண்ணாடி இல்லை, பிலிம் இல்லை, வெளிச்சம் என்று நாம் ஸ்தூலமாக அறிகிற எதுவும் இல்லை. சுவருக்குள் நுழைந்து அடுத்த வீட்டுக் கூடத்தில் வெளிவரும். சாவித் துவாரத்தில் உட்காரும். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இந்தச் சுதந்திரத்தில் நான் முதலில் திளைத்தேன். காமிரா பறந்தது, சுழன்றது, கூரையைத் துளைத்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, பிளாட் விற்பவர்கள் போடும் விளம்பரப் படம்போல இருந்தது. எல்லா இடத்துக்கும் போகிற காமிரா எந்த இடத்திலும் நிற்கவில்லை. யாரும் எதையும் பார்த்ததாகவே அதில் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் ஒரு பழைய ஸ்டில் காமிராவையும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீ ஆற்றுகிறவரை எடுக்கப் போனேன். அந்த லென்ஸில் கிட்டே இழுக்கும் வசதி இல்லை. முகம் வேண்டுமென்றால் நான்தான் கிட்டே போக வேண்டும். போனேன். அவர் ஆற்றுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சும்மா ஒரு பார்வை. நான் காமிராவை இறக்கிவிட்டேன். என் இத்தனை இரவுகளிலும் எந்த உருவமும் என்னை அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை என்பது அன்று உறைத்தது.

மீதிப் பாடம் மங்கலான அறைகளில் கிடைத்தது. வெளிச்சம் போதவில்லையென்றால் அபர்ச்சரைத் திறக்கலாம். ஆனால் முகம் தெளிய, பின்னாலிருக்கும் சுவர் கலங்கிவிடும். ஷட்டரை மெதுவாக்கலாம். ஆனால் கை அசைந்தால் கை கரைந்துவிடும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டலாம். ஆனால் படம் முழுக்கப் பொரிப்பொரியாய்ப் புள்ளி விழும். ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும். பற்று இல்லாமல் வரவு வைக்க முடியாத ஒரு கணக்கு. குமாஸ்தாவான எனக்கு இது சட்டென்று புரிந்தது. பிளெண்டரில் இந்தக் கணக்கு அறுந்து கிடக்கிறது. அங்கே அபர்ச்சர் எண்ணை மாற்றினால் ஃபோகஸின் ஆழம் மாறும், வெளிச்சம் மாறாது. ஷட்டரை நீட்டினால் அசைவு கலங்கும், படம் வெளுக்காது. செலவு வேறு, வரவு வேறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இருந்தும் அந்த மென்பொருள் ஒரு உடம்பை நினைவு வைத்திருக்கிறது. புதிதாகத் திறந்தால் காமிரா 50 மி.மீ. லென்ஸோடு, 36 மி.மீ. அகலப் பரப்போடு, அதாவது பழைய ஸ்டில் காமிராவின் பிலிம் சட்டத்து அகலத்தோடு, நிற்கிறது. அசைவு மங்கலைப் போட்டால் ஷட்டர் அரை ஃப்ரேம் திறந்திருக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 48-இல் ஒரு பங்கு நொடி. சினிமாக் காமிராவுக்குள் சுழன்ற அரைவட்டத் தகட்டின் கணக்கு இது. தகடு போய்விட்டது, கணக்கு இருக்கிறது. ஆரம்ப காலக் கம்ப்யூட்டர் படங்கள் ஊசித்துளைக் காமிரா எடுத்தவைபோல, கிட்டேயும் தூரத்திலும் ஒரே கூர்மையோடு இருந்தன. 1981-இல் பொட்மெசில், சக்கரவர்த்தி என்ற இருவர் லென்ஸும் அபர்ச்சரும் கொண்ட காமிராவைக் கணிதமாக எழுதினார்கள். 1984-இல் குக், போர்ட்டர், கார்ப்பெண்டர் மூவரும் ஃபோகஸ் கலங்கலையும் அசைவு மங்கலையும் ஒரே முறையில் கொண்டுவந்தார்கள். கலங்கலே இல்லாத ஒரு பார்வையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கலுக்காக இத்தனை உழைப்பு!

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். இது என்ன, விசுவாசமா, போலிக் கையெழுத்தா?

கையெழுத்து எனக்குத் தெரிந்த விஷயம். கவுண்டரில் வயதானவர்களின் கையெழுத்து நடுங்கும். அந்த நடுக்கம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை ஒரு பென்ஷன்தாரரின் பணம் எடுக்கும் பாரம் வந்தது. நடுக்கம் அப்படியே இருந்தது. மிகவும் அப்படியே இருந்ததுதான் கோளாறு. கோடு கோடாக, நிதானமாக வரைந்த நடுக்கம். மகன் போட்டிருந்தான். அப்பா படுக்கையில்தான் இருக்கிறார், பணம் அவர் மருந்துக்குத்தான் என்றான். அது உண்மையாகவே இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தோம். தேவை உண்மை, பணம் அவருடையது, நடுக்கம் மட்டும் பொய். எதை ஏமாற்று என்பது?

‘வால்-இ’ (2008) படத்துக்காக பிக்ஸார் ஆட்கள், 70களின் பானவிஷன் லென்ஸ்களில் எடுத்த படம்போல வர வேண்டுமென்று, நிஜக் காமிராவால் மாதிரிகளைப் படமெடுத்துத் தங்கள் கம்ப்யூட்டர் காமிராவோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். ரோஜர் டீக்கின்ஸ் போன்ற ஒளிப்பதிவாளரை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். ‘சர்ஃப்ஸ் அப்’ (2007) பென்குவின்களை டாகுமெண்டரிக்காரன் துரத்துவதாகப் பாவித்த படம். அதில் ஒரு மனிதர் கையில் காமிரா மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்க, அவர் உடம்பின் குலுக்கல் கம்ப்யூட்டர் காமிராவுக்கு ஏற்றப்பட்டது. இவை இரண்டையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். குப்பை அள்ளும் ரோபோவைப் பார்த்து யாரும் இது நடந்தது என்று சாட்சி சொல்லப்போவதில்லை. நாடகத்தில் மீசை ஒட்டிக்கொள்வது ஆள்மாறாட்டம் ஆகாது.

ஜில்லோ பொன்டெகோர்வோவின் ‘அல்ஜியர்ஸ் போர்’ (1966) அப்படியல்ல. செய்திப்படம்போலப் பொரிந்த புள்ளிகளோடு, குலுங்கும் காமிராவோடு, முழுக்கவும் நடித்து எடுத்த படம். அமெரிக்காவில் திரையிட்டபோது, இதில் ஓர் அடி செய்திப்படம்கூடச் சேர்க்கவில்லை என்று அறிவிப்புப் போட்டார்கள். பெருமைக்காகவே போட்டிருக்கலாம். ஆனாலும் அந்த அறிவிப்பு ஒரு பெருவிரல் ரேகை. இன்று யந்திரமே புனைந்து தரும் வீடியோக்களில் போன் காமிராவின் குலுக்கலும் மங்கலும் தாமாகவே வந்து உட்காருகின்றன. அவற்றில் பலவற்றுக்கு அறிவிப்பு கிடையாது. அந்தக் குலுக்கல் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: ‘நான் அங்கே இருந்தேன்.’

நான் அங்கே இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

அப்பா 2019 செப்டம்பர் 30 மாலை இறந்தார். பாங்கில் அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நாள். நான் வேறு ஊர் கிளையில் இருந்தேன். ராத்திரி வந்து சேர்ந்தபோது அவரைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். 2021-இல் வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்தார். திண்ணை, ரேழி, முற்றம், அப்பா படுத்திருந்த உள் எதுவும் இப்போது இல்லை. இரண்டு மூன்று கல்யாண போட்டோக்களின் ஓரங்களிலிருந்தும் என் ஞாபகத்திலிருந்தும் அந்த வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டினேன். படம் என்று நான் பழகியதெல்லாம் இதற்குத்தான். நாற்பது நொடி. கட்டிலில் அப்பா.

முதலில் காமிராவைக் கட்டிலருகே வைத்து, மெல்ல முகத்தை நோக்கி நகர்த்தி, கையில் பிடித்த மாதிரி இலேசான குலுக்கலும் சேர்த்தேன். நன்றாக வந்தது. ஆயிரம் தடவை பார்த்த ஒன்றைப்போல அவ்வளவு உண்மையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அது நான் போட்ட கையெழுத்து என்று புரிந்தது.

1961-இல் ழாக் ரிவெத் எழுதிய ஒரு சிறு கட்டுரையை நம்மில் பலரும் கேள்விப்பட்டிருப்போம். பொன்டெகோர்வோவின் ‘காப்போ’வில், வதைமுகாமின் மின்வேலியில் விழுந்து ஒரு பெண் சாகிறாள். காமிரா அவளை நோக்கி முன்னகர்ந்து, உயர்ந்த கை சட்டத்தின் மூலையில் அழகாக அமையும்படி நிற்கிறது. அந்த நகர்வைத் தீர்மானித்தவன் அருவருப்புக்குரியவன் என்பது ரிவெத்தின் கட்சி. செர்ஜ் தனே 1992-இல் அதைப் பற்றியே எழுதினார், அந்தப் படத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டு. எனக்கு ரிவெத்தின் கடுமை கொஞ்சம் அதிகம் என்றே பட்டிருக்கிறது. பார்க்காததைப் பார்க்காததாகவே வைத்துக்கொண்டு தனே எழுதியதுதான் எனக்கு உதவியது. காப்போவின் காமிராவுக்காவது தண்டவாளம் போட வேண்டியிருந்தது, நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது, அவர்களில் ஒருவன் முகம் சுளித்திருக்கக்கூடும். எனக்கு ஒரு விரல் அசைவு போதும், சுளிக்க யாரும் இல்லை.

‘அபராஜிதோ’வில் (1956) ஹரிஹர் சாகும்போது சத்யஜித் ரே முகத்தில் நிற்கவில்லை. புறாக்கள் கூட்டமாய் எழும்புகின்றன. அதையும் செய்துபார்த்தேன். என் முற்றத்துக்கு மேலே புறா விட்டேன். சிரிப்பு வந்தது. இன்னொருவர் துக்கத்தின் புறாக்கள்.

கடைசியில் குலுக்கலை எடுத்துவிட்டு, காமிராவை அறைக்கு வெளியே, ரேழிக்குப் பக்கத்து வாசற்படியில் வைத்தேன். எந்த உயரத்தில்? பாங்கில் என் தலைக்கு மேல் கூரை மூலையில் ஒரு கண்காணிப்புக் காமிரா இருக்கிறது. பதினொரு வருஷமாக என் வழுக்கை வளர்வதைப் பதிவு செய்திருக்கும், ஆனால் அந்த இடத்தில் எந்த மனிதனும் நின்று பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் காமிரா தன் போக்கில் விட்டால் அங்கேதான் போகும். ஓஸு பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தவர் கண்ணுக்கும் தாழ்வாகக் காமிராவை நிறுத்தினார். எங்கள் வீட்டில் வாசற்படி மேல் யாரும் நிற்கமாட்டார்கள், படியருகே தரையில் உட்காருவார்கள். உட்கார்ந்து என் கண் உயரத்தை டேப் வைத்து அளந்தேன். 76 சென்டிமீட்டர். அங்கிருந்து கட்டிலின் கால்மாடும் அப்பாவின் பாதங்களும் தெரியும். முகம் தெரியாது. மூலையிலுள்ள ஜன்னலிலிருந்து சாய்வாக ஒரு வெயில் கற்றை பாதத்தின் மேல் விழும்படி சூரியனை வைத்தேன்.

நண்பர் இதற்கும் பதில் வைத்திருந்தார். எங்கும் போகக்கூடியவன் ஒரு இடத்தில் நிற்பது விரதம்தானே, நிர்ப்பந்தம் இல்லையே, விரதத்தை எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாமே என்றார். யாப்பை விட்டு எழுதும் அவர் எந்த இடத்தில் வரியை உடைக்கிறார் என்று திருப்பிக் கேட்டேன். அசை உடைக்கச் சொல்வதில்லை, எதுகை கைகொடுப்பதில்லை, ஆனாலும் ஒரு இடத்தில் உடைத்தால் பொய், இன்னொரு இடத்தில் உடைத்தால் பொய் இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. யாப்பை அறவே அறியாத ஒருவருக்கு அது தெரியுமா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. புதுக்கவிதையில் மோனையை ஒட்டவைக்கிறவர்களைப் பார்த்தால் லென்ஸே இல்லாத காமிராவில் லென்ஸ் பளபளப்பைச் சேர்க்கிறவர்கள் ஞாபகம்தான் வருகிறது. அவர் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று அர்த்தமில்லை, அவருக்குப் பஸ் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் காட்டவில்லையே என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன்.

“அது வடக்குப் பாத்த ஜன்னல்டா. அதுல சாயங்காலம் வெயில் எப்படி வரும்? முத்தத்து வெளிச்சம்தான் அந்த உள்ளுக்கு.”

காமிராவைப் பற்றி இத்தனை யோசித்தவன் ஜன்னலின் திசையை யோசிக்கவில்லை. வெயிலை அழகுக்காக வைத்திருக்கிறேன். காப்போவில் அந்தக் கை சட்டத்தின் மூலைக்கு வந்தது போலவே.

அபராஜிதோவின் பனாரஸ் வீட்டு முற்றத்தை, மழைக்குப் பயந்து, கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். நிழல் விழாத வானத்து வெளிச்சத்தை விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று சுப்ரதா மித்ரா வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. பிறகு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படமெடுத்தார். பொய்யான வானம்தான். ஆனால் முற்றத்தில் எப்படி வெளிச்சம் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சூரியனை அணைத்துவிட்டேன். முற்றத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பரப்பை விரித்து, வெளிச்சத்தை அதன்மேல் திருப்பியிருக்கிறேன். அறை மங்கிவிட்டது. பாதங்கள் இருக்குமிடம் சட்டென்று பிடிபடாது, கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். என் பழைய லாப்டாப்பில் ஒரு ஃப்ரேம் முடிய நாலு நிமிஷம் ஆகிறது. 960 ஃப்ரேம், 64 மணி நேரம். கரண்ட் போகாமல் இருந்தால் நாளை இரவுக்குள் முடியும். இதை எழுதும்போது இன்னும் 300 சொச்சம் பாக்கி.