இல்லை என்று எப்படித் தெரியும்?

ஒன்று இல்லை என்பதை எந்த அளவையால், அதாவது அறியும் வழியால், அறிகிறோம் என்பது இந்தியத் தருக்கத்தில் தீராத வழக்கு. தரையில் குடம் இல்லாததைக் கண்ணே காண்கிறது என்றனர் நியாய நெறியினரான நையாயிகர். கண்ணுக்குத் தெரிவது தரை மட்டுமே, இன்மையை அறிய அனுபலப்தி என்ற தனி அளவை வேண்டும் என்றார் மீமாம்சகரான குமாரிலர். வெறுந்தரையைக் காண்பதற்கு மேல் அங்கே அறிய ஏதுமில்லை என்பது மற்றொரு மீமாம்சகரான பிரபாகரர் கட்சி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரோ அபாவத்தையும் (இன்மையையும்) அளவைகளில் ஒன்றாக எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது.

குமாரிலர் வழிவந்தோர் வற்புறுத்திய நிபந்தனை ஒன்று உண்டு. பொருள் இருந்திருந்தால் தென்பட்டே தீர வேண்டும். அப்போதுதான் தென்படாமை அறிவாகும். இருட்டறையில் குடம் தெரியாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. வழக்கின் உயிரே இந்த நிபந்தனைதான்.

டயல்-அப் இணைப்பு கிடைக்காத லினக்ஸ் கணினியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மோடம் 'நோ டயல்டோன்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதே கம்பியில் சாதாரண ஃபோனைச் செருகினால் டோன் கணீரென்று கேட்கிறது. எக்ஸ்சேஞ்ச் தரும் ஒலி மோடம் எதிர்பார்க்கும் ஒலியாக இல்லாமல் போவதுண்டு. வாய்ஸ்மெயில் காத்திருந்தால் சில இடங்களில் டோன் விட்டுவிட்டு வரும். டோன் இருக்கிறது, அதை இனங்காணும் தகுதி மோடத்துக்கு இல்லை. டோனுக்குக் காத்திராமல் எண்ணை டயல் செய்யச் சொல்லும் ஏடிஎக்ஸ்3 கட்டளை இதற்காகவே பயன்பட்டது. வின்மோடமும் இந்த வகைதான்: கார்டு பெட்டிக்குள் இருக்கும், ஆனால் அதன் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவரே செய்வதால், உரிய டிரைவர் இல்லாத லினக்ஸுக்கு சீரியல் போர்ட்டில் மோடமே இருக்காது.

மோடம் இணைந்து, பிபிபி என்ற இணைப்பு நெறிமுறை வழியாக முகவரியும் கிடைத்தபின் பக்கம் எதுவும் திறக்கவில்லை என்றால், எண் முகவரி ஒன்றுக்கு பிங் அனுப்புவது வழக்கம். பதில் வந்தால் கம்பியும் ரூட்டும் சரி. பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் பழுது. பதில் வராவிட்டால் அவசரப்படக் கூடாது. பிங்குக்குப் பதில் தராதபடி அமைத்த சர்வர்கள் உண்டு. அவற்றின் மௌனம் இருட்டறைக் குடந்தான். பதில் தரும் என்று முன்பே தெரிந்த கணினியின் மௌனத்துக்கே மதிப்பு. அந்த முன்னறிவு கருதலிலிருந்து வருவதால், இங்கே தனி அளவைக்குத் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை.

நையாயிகர் பக்கம் சாயும் இடமும் உண்டு. ஈடிசி அடைவிலுள்ள ரிசால்வ் கோப்பைத் திறந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் நேம்சர்வரின் வரி இல்லை என்பது நேராகவே தெரிகிறது. ஆனால் இன்மைக்கு ஓர் இடம் உண்டு, குடம் இல்லாதது இந்தத் தரையில்தான் என்றும் அவர்களே சொன்னார்கள். யூஸ்பியர்டிஎன்எஸ் விருப்பத்தோடு ஓடும் பிபிபி நிரல், நேம்சர்வர் முகவரிகளை அதே ஈடிசிக்குள் இருக்கும் பிபிபி அடைவில் அதே பெயருள்ள வேறொரு கோப்பில் எழுதி வைக்கும். அங்கிருந்து அந்த வரிகளை முதல் கோப்புக்கு நகலெடுத்தால் பக்கங்கள் திறக்கும்.