பற்பசையால் அடைத்த துளை

2004ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல் நாள் இரவு, கிழக்கு லண்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டின் வரவேற்பறை வாசலுக்கு மேலே இரண்டு ஆணி அடித்தேன். வீட்டில் சுத்தியல் இல்லை. சப்பாத்தின் குதியால் அடித்தேன். குசினியிலிருந்து வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சப்பாத்தாலை அடிச்ச ஆணியிலையோ மாவிலை கட்டப்போறாய்?" என்று கேட்டார். பிறகு அவரே கதிரையில் ஏறி, ஆணிகளை ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் தண்ணி தெளித்து, ஈஸ்ற்ஹாம் கடையில் வாங்கிய மாவிலையை நூலில் கோத்துக் கட்டினார்.

மாவிலையை வெளிக்கதவில்தான் கட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அது முடியாது என்று சொல்லியிருந்தேன். கட்டடத்தின் நடைபாதை எல்லோருக்கும் பொது, கதவும் எங்களுடையது இல்லை. "சுவர் ஆற்றையெண்டாலும் இருக்கட்டும், வாசல் எங்கடைதானே" என்றார் அம்மா. அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் நிலையில் இரண்டு ஆணிகள் எப்போதும் இருந்தன. யார் அடித்தது, எந்த வருடத்துப் பொங்கலுக்கு அடித்தது என்று யாருக்கும் தெரியாது. நிலையும் ஆணியும் ஒன்றாகவே பிறந்தவைபோல இருக்கும்.

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பந்தி இருந்தது. ஆணி, திருகாணி, குண்டூசி, ஒட்டுநாடா எதையும் சுவரில் பயன்படுத்தக் கூடாது. வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். மார்ச் மாதம் வீட்டு முகவர் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தபோது ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, துளைகளைப் பற்பசையால் அடைத்தேன். வாடகை வீடுகளில் வாழ்ந்த எவருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வெள்ளைச் சுவருக்கு வெள்ளைப் பற்பசை. விரலால் வழித்து, காய்ந்ததும் துணியால் ஒரு தடவல். முகவர் வந்தார், பார்த்தார், போனார்.

அப்போது என் மனம் உறுத்தவில்லை. என்னிடம் நியாயங்கள் இருந்தன. மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறேன். துளை ஒரு பயறு அளவுகூட இல்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. ஒரு வீட்டில் வாழ்வதற்கு விலை கொடுத்தவன் அந்த வீட்டில் பொங்கலும் கொண்டாடுவான். கொண்டாடாதே என்று சொல்லிக்கொண்டு வாடகை வாங்குவது எந்த ஊர் நியாயம்? இந்தக் கடைசி வாதம் பலமானது என்று இன்றும் நினைக்கிறேன். ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 1993இல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. வழக்கமான அளவில் சுவரில் துளையிடுவது வீட்டை வீடாகப் பயன்படுத்துவதில் அடங்கும் என்றது. ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் என் மச்சான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே சுவர் முழுக்க சாமிப்படம் மாட்டியிருக்கிறான். இங்கிலாந்தில் அப்படித் தெளிவான உரிமை எங்களுக்குக் கிடையாது. பாவித்ததால் இயல்பாக வரும் தேய்வுக்குப் பணம் கேட்க முடியாது என்று மட்டும் இருக்கிறது. ஆணித்துளை தேய்வா, சேதமா என்பது ஒவ்வொரு முறையும் பேரம்தான்.

எல்லாத் தடையும் கஞ்சத்தனம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிளாட்டின் வெளிக்கதவு வெறும் பலகை அல்ல, தீத்தடுப்புக் கதவு. அரை மணி நேரம் நெருப்பையும் புகையையும் மறித்து நிற்பதற்கென்று செய்தது. 2017இல் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேர் இறந்த பிறகு, அந்தக் கதவில் ஆணி அடிக்காதே, நடைபாதையில் காய்ந்த இலை தொங்கவிடாதே என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தக் கதவு எனக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் இடையிலான விஷயம் அல்ல. எதிர்வீட்டுக் குழந்தை புகையில்லாமல் படியிறங்குவது அதில் இருக்கிறது. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு நேரமும் சொல்லும் கிடைக்கவில்லை. அவர் 2018இல் காலமானார்.

இனிக் கதைக்கு வருகிறேன். 2009இல் சொந்தக்காரர் அந்த ஃபிளாட்டை விற்க விரும்பினார். நானே வாங்கினேன். 2016இல் பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமல் வேறு வீட்டுக்கு மாறினோம். சுவர்களுக்கு உருளையால் ஒரு பூச்சு வெள்ளை அடித்துவிட்டு, ஊரிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்குக் கொடுத்தேன். முகவர் தயாரித்த ஒப்பந்தத்தில் அதே பந்தி, கிட்டத்தட்ட அதே சொற்களில். வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன், இம்முறை மற்றப் பக்கத்தில்.

ஆறு வருடம் நல்லபடியாக இருந்தார்கள். 2022இல் போகும்போது முகவரின் ஆள் வந்து வீட்டைப் பரிசோதித்தார். வரவேற்பறை வாசலுக்கு மேலே இரண்டு துளைகள், சரியாக அடைக்கப்படாதவை, வெடிப்புடன் உள்வாங்கியவை என்று படத்தோடு எழுதினார். குடிவந்த நாளின் பதிவில் அப்படி ஒன்றும் இல்லை. சுவரைத் திருத்திப் பூச 60 பவுணைக் கழிக்கலாம் என்றார். இங்கே 2007முதல் வாடகைக்காரரின் டிப்பொசிற் ஒரு பாதுகாப்புத் திட்டத்தில்தான் இருக்க வேண்டும்; சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. அந்தத் தங்கச்சியைத் தொலைபேசியில் கேட்டேன். "ஓம் அண்ணா, பரவாயில்லை. தீபாவளிக்கு லைற் மாட்டினனாங்கள், அதாலை வந்திருக்கும்" என்றார். 60 பவுண் என் கணக்கில் விழுந்தது.

ஆளைப் பிடித்தால் கூலி கூட என்று நானே திருத்தப் போனேன். ஏணியில் ஏறி, வெடித்த பூச்சைக் கத்தி முனையால் சுரண்டினேன். காய்ந்த வெள்ளைக் கட்டி ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. அதன் ஓரத்தில் வெளிறிய நீலக் கோடு. சுவர்ப் பசையில் நீலக் கோடு வராது. அந்த நாட்களில் நாங்கள் வீட்டில் பாவித்த பற்பசையில் நீலக் கோடு இருந்தது.

ஏணியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

2004இல் நான் செய்தது சின்னப் பொய் என்றால், அந்தப் பொய் யாருக்குச் சொன்னது? வீட்டுச் சொந்தக்காரருக்கு என்று நினைத்திருந்தேன். அவரோ வீட்டை விற்றுவிட்டு, என்னுடைய துளைகளையும் சேர்த்து எனக்கே விற்றுவிட்டுப் போய்விட்டார். கடைசியில் அந்தப் பொய் போய்ச் சேர்ந்தது, 2004இல் ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம். திறந்திருந்த துளை என்றால் குடிவந்த நாளின் படத்தில் விழுந்திருக்கும், கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். மூடிவைத்ததால் அது காத்திருந்தது. ஆணி அடித்ததற்கு நான் இன்னும் வருத்தப்படவில்லை. பற்பசைக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை.

ஊரில் இந்தக் கேள்வியே எழாததற்குக் காரணம் எங்கள் நேர்மை அல்ல. மண் சுவர்களைப் பொங்கலுக்கு முன் மெழுகுவார்கள், கல்வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். போன வருடத்துக் காயம் இந்த வருடத்து மெழுக்கில் மறையும். கோலத்தை எறும்பு தின்னும், குருத்தோலைத் தோரணம் காய்ந்து கொட்டும், வாழைமரத்தை மாடு பார்த்துக்கொள்ளும். அடையாளம் வைத்தவரின் கையேதான் திருத்துகிற கையும். வாடகை வீட்டில் இந்த இரண்டு கைகளையும் பிரித்துவிட்டார்கள். துளை போட்டவன் பூச்சு அடிக்கவும் கூடாது. நிறம் பிழைத்தால் அதுவும் சேதம். திருத்த அனுமதி இல்லாதவன் ஒளிக்கப் பழகுவான். என்னை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, ஆனால் இதுவும் உண்மை.

யூதர்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அவர்கள் கதவு நிலையில் மெசூசா என்ற சிறு கூட்டைப் பொருத்துவார்கள், உள்ளே வேதவசனம் எழுதிய தோல்சுருள். வாடகை வீடு என்றால் குடியேறி முப்பது நாள்வரை அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. வீட்டை விட்டுப் போகும்போது, அடுத்து வருபவரும் யூதர் என்றால் அதைக் கழற்றிக்கொண்டு போகக் கூடாது என்கிறது தல்மூத். அடுத்து வருபவரை நினைவில் வைத்து எழுதிய சட்டம். எங்கள் மாவிலைக்கு அப்படியொரு சட்டத்தை எவரும் எழுதவில்லை. எழுதத் தேவைப்படும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அன்று மாலையே அந்தத் தங்கச்சிக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன், பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு, "அப்ப எங்கடை லைற் எங்கை கொழுவினது?" என்று கணவரிடம் கேட்பது கேட்டது. அவர்கள் ஆணியே அடிக்கவில்லை. கடையில் விற்கிற ஒட்டுக் கொளுக்கிகளை யன்னலைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். நானும் பிற்காலத்தில் பாவித்ததுதான். சுவரை ஸ்பிரிற்றால் துடைத்து, ஒட்டி, அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் பாரம் கொழுவ வேண்டும். கழற்றும்போது வெளியே இழுத்தால் பூச்சையும் உரித்துக்கொண்டு வரும். வாலைப் பிடித்துச் சுவரோடு சுவராகக் கீழ்நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். நாடா ரப்பர்போல நீண்டு மெலிந்து, பிடியைத் தானே விட்டுவிடும். அவர்கள் பெட்டியில் இருந்த அறிவுறுத்தலை ஒரு வரி விடாமல் வாசித்துச் செய்தவர்கள். ஆறு தீபாவளி மாட்டிக் கழற்றியும் யன்னலைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

"அப்ப நான் ஏன் அண்ணா உடனை ஓமெண்டு சொன்னனான்?" என்று கேட்டார்.

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் எனக்குத் தெரியும். நானும் ஐந்து வருடம் அந்தச் சுவர்களுக்கு நடுவில் குற்றவாளியாகத்தான் நடந்திருக்கிறேன். கதிரையை நகர்த்தினால், பிள்ளை பென்சிலோடு ஓடினால், குழம்பு தாளித்தால், உடனே கண் சுவருக்குப் போகும். செய்யாத பிழையை ஒருவர் யோசிக்காமல் ஒப்புக்கொள்கிறார் என்றால், அந்த வீட்டில் அவர் எப்படி வாழ்ந்திருப்பார்? அவர் அப்படி வாழ்ந்தது என் வீட்டில், என் கையெழுத்துள்ள பந்தியின் கீழ். 60 பவுணைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த ஆறு வருடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தப் பந்தியை எடுத்துவிடச் சொன்னேன். முகவர் ஒத்துக்கொள்ளவில்லை, மற்றச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்களாம். கடைசியில் வெளிக்கதவைத் தவிர வேறு இடங்களில் அளவாக ஆணி அடிக்கலாம், போகும்போது அவர்களே அடைத்துப் பூசலாம் என்று ஒரு வரி சேர்த்தோம். மிச்சமிருந்த வெள்ளைப் பூச்சு வாளியை அடையாளச் சீட்டு ஒட்டிக் குசினி அலுமாரியில் வைத்தேன். வரவேற்பறை வாசலுக்கு மேலே, பழைய துளைகளைப் பெரிதாக்கி, முறையாகத் தக்கை இறுக்கி, இரண்டு பித்தளைக் கொளுக்கிகள் போட்டேன். இம்முறை சுத்தியலும் துளைப்பானும் இருந்தன.

புதிதாக வந்தவர்கள் போலந்துக்காரர். அவை எதற்கு என்று கேட்டார்கள். இலை கட்ட என்றேன். என்ன இலை என்று அவர்கள் கேட்கவில்லை.

குடிவந்த நாளின் பதிவு போன கிழமை தபாலில் வந்தது. முகவரின் ஆள் கொளுக்கிகளைப் படமெடுத்து, 'ஏற்கனவே உள்ள சேதங்கள்' என்ற தலைப்பின் கீழ் முதலாவதாக எழுதியிருக்கிறார்.