ஹராமா, மனம் ஒவ்வாததா?

பாரிஸ் நகருக்கு வெளியே வசிக்கும் என் பழைய காரைக்கால் நண்பரின் இல்லத்தில் ஒரு வெள்ளி இரவு நடந்தது இது. அவருடைய மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், தொழுகை தவறாதவள். அன்று அவள் கையால் சமையல். கறுத்த குழம்பில் கோழித் துண்டுகள், முழு முழுச் சின்ன வெங்காயம், காளான். நல்ல மணம். எடுத்துப் பிசையப் போன நண்பர், "இது என்ன ஆணம், புள்ளே?" என்று கேட்டார்.

"கோக் ஓ வான், வாப்பா. ஆனா இதுல ஒயின் இல்ல, பன்னி இல்ல. எல்லாம் ஹலால்தான்."

கை நின்றது. "இந்த வீட்டுல அந்தப் பேருல சோறு வேணாம். இது ஹராம்தான்" என்று தட்டை ஒதுக்கி எழுந்துவிட்டார். அவளும் சாப்பிடவில்லை. பிறகு இருவருமே தனித்தனியாக என்னிடம் வந்து நியாயம் கேட்டார்கள். அன்று நான் மழுப்பிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெயருக்கு 'ஒயினில் வெந்த சேவல்' என்று பொருள். பிரான்சின் பழைய கிராமத்துச் சமையல் அது. கிழட்டுச் சேவலின் இறைச்சி நார் நாராக இருக்கும், எளிதில் வேகாது. ஆகவே அதை இரவெல்லாம் பர்கண்டிப் பகுதிச் சிவப்பு ஒயினில் ஊற வைப்பார்கள். பன்றிக் கொழுப்பில் வதக்கி, பிராந்தி ஊற்றித் தீ மூட்டி, பிறகு இரண்டு மூன்று மணி நேரம் இளந்தீயில் வேக விடுவார்கள். பழைய முறைப்படி, இறக்கும் தறுவாயில் அச்சேவலின் இரத்தத்தையே ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். மது, பன்றி, இரத்தம். சூரத்துல் மாயிதா விலக்கிய மூன்றும் ஒரே சட்டியில்! நண்பர் திடுக்கிட்டதில் வியப்பென்ன?

ஆனால் மகள் செய்தது அதுவன்று. ஹலாலாக அறுத்த கோழி. பன்றிக்குப் பதில் புகையிட்ட மாட்டிறைச்சி. ஒயினுக்குப் பதில் கறுப்புத் திராட்சைச் சாறும் கொஞ்சம் காடியும். இரத்தத்துக்குப் பதில் வெண்ணெயில் பிசைந்த மாவு. இரத்தத்தையும் கிழட்டுச் சேவலையும் இன்று பிரெஞ்சுக்காரர்களே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு தவறான சமாதானத்தை விலக்கிவிடுகிறேன். அடுப்பில் கொதித்தால் மதுவெல்லாம் ஆவியாகிவிடும் என்று நம்மவர் சிலரும் சொல்லக் கேட்கிறோம். 1992-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதை அளந்து பார்த்தது. அதையொட்டிய அந்நாட்டு அரசின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் வெந்த உணவில் 40 சதவீத மது மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில் 25. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5. தீ மூட்டிய பிராந்தியிலோ 75! ஒரு துளியும் மிஞ்சாமற் போனாலுந்தான் என்ன? வாங்கியவரையும் சுமந்தவரையும் சேர்த்தல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள்? சட்டியில் என்ன மிஞ்சியது என்பது அதற்குப் பிந்திய பேச்சு.

மது நீக்கிய ஒயின் என்று கடைகளில் விற்பதும் எனக்கு உடன்பாடன்று. அது முதலில் ஒயினாகவே ஆக்கப்பட்டு, பிறகு மது பிரிக்கப்பட்டது. ஐரோப்பியச் சட்டப்படி அதில் 0.5 சதவீதம் வரை மது இருக்கலாம். நண்பரின் மகள் அதை நாடவில்லை என்பது அவளுடைய பேணுதலைக் காட்டுகிறது.

காடி மட்டும் சற்று யோசிக்க வேண்டியது. காடியை நல்ல குழம்பென நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்தது நாமறிந்ததே. ஆயினும் பிரான்சில் விற்கும் காடியில் ஒயினிலிருந்து ஆக்கப்படுவதும் உண்டு. மது தானாகக் காடியாக மாறினால் எல்லோரிடத்தும் கூடும். ஏதேனும் ஒன்றைப் போட்டு மாற்றினால் ஹனஃபீ மத்ஹபில் கூடும்; ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். அந்த நாட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. பழுக்காத திராட்சையைப் பிழிந்த புளிப்புச் சாறு, 'வெர்ழு' என்பார்கள், புளிக்க வைக்காதது. அரபு நாடுகளிலும் இது பழைய சமையற்பொருள்தான். கோழிக்கு வேண்டிய புளிப்பு இதிலேயே கிடைக்கும். இறைச்சியை மெதுவாக்குவது நீண்ட நேர இளந்தீ, மதுவன்று.

ஆக, பண்டத்தில் குறையில்லை. அப்படியானால் வாப்பாவின் கை ஏன் நின்றது?

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இப்படி ஒரு விருந்து உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. நாயகம் கை நீட்டினார்கள். இன்னதென்று சொல்லப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தார் பூமியில் இது இல்லாததால் மனம் ஒவ்வவில்லை என்பதே பதில். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நண்பரின் கை நின்றது குற்றமன்று. அந்தப் பெயரைக் கேட்டதும் குடிகாரர் மேசை நினைவுக்கு வரும் மனம், ஈமானுள்ள மனமே. ஆனால் மனம் ஒவ்வவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஹராம் என்றாரே, அங்கேதான் தவறினார். ஹராமாக்கும் அதிகாரம் அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியது, வீட்டுத் தலைவருக்கன்று.

மகளிடமும் கேட்டேன், ஏனம்மா இந்த ஆசை என்று. பள்ளி உணவறையில் இது பரிமாறப்படும் நாளில் தோழிகளுக்கு நடுவே தான் மட்டும் வெறும் ரொட்டி தின்றதைச் சொன்னாள். "அவங்க என்னதான் சாப்புட்டாங்கன்னு ஒரு தரமாவது தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு" என்றாள். இதில் நான் குற்றம் காணவில்லை. பத்தாண்டு ரொட்டி தின்று ஹலாலைப் பேணிய பிள்ளை அது. நம் ஆணத்து மிளகாயே போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான். ஒயினில்லாத பண்டத்துக்கு ஒயினின் பெயர் எதற்கு என்று மட்டும் கேட்டேன். பெயரை மாற்றினால் அவள் சமைத்ததில் ஒன்றும் குறையப் போவதில்லை. வாப்பாவின் மனமும் அவ்வளவு புண்படாது.

இதையெல்லாம் நண்பருக்குக் கடிதமாக எழுதினேன். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். மகள் வெர்ழு ஊற்றி மறுபடி சமைத்தாளாம். 'புளித் திராட்சை ஆணம்' என்று பெயரும் வைத்துவிட்டாளாம். "சாப்பிட்டீரா?" என்றேன். இல்லையாம். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாராம். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை மேசையை விட்டு எழவில்லையாம்.